தசமப்புள்ளி முற்றுப்புள்ளி ஆகுமா?

குறைந்த சிஜிபிஏவோடு மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கத் தயங்கும் பிள்ளைகளுக்கும், அவர்களை நினைத்துக் கவலைப்படும் பெற்றோருக்கும்…

ரிசல்ட் வெளியாகும் இரவில் பொறியியல் கல்லூரி விடுதிகளில் யாரும் தூங்குவதில்லை. இணையதளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நள்ளிரவு தாண்டி ஒருவனுடைய போனில் திறந்ததும் பத்துப் பேர் அவனை மொய்த்துக்கொள்வார்கள். ‘ஆல் கிளியர்!’ என்று ஒரு குரல் துள்ளும். ‘எம்-ஒன் போச்சுடா’ என்று இன்னொரு குரல் அடங்கும். இப்படி எட்டு செமஸ்டர், எட்டு இரவுகள். அத்தனையையும் கூட்டி, வகுத்து, கடைசியில் கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டின் அடியில் ஒரே ஓர் எண்ணாக அச்சிட்டுக் கொடுக்கிறார்கள்: 6.67.

இரண்டு மூன்று வருடம் கழித்து அந்தக் காகிதம் பீரோவிலிருந்து மறுபடி வெளியே வருகிறது. அந்த எண்ணுக்குச் சொந்தக்காரன் இப்போது வேலையில் இருக்கிறான். வேலை பார்க்கும் இடத்தில் அவனுக்குள் ஒரு கேள்வி முளைத்திருக்கிறது. இந்த மோட்டார் ஏன் இப்படிச் சூடாகிறது, இந்தக் கான்கிரீட் ஏன் இவ்வளவு சீக்கிரம் விரிசல் விடுகிறது, இதை முறையாகப் படித்தால் என்ன என்று ஆசை வந்திருக்கிறது. விண்ணப்பப் படிவத்தைத் திறக்கிறான். தொடக்கத்திலேயே ஒரு கட்டம்: சிஜிபிஏ எவ்வளவு? அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் எத்தனையோ பேர் படிவத்தை மூடிவிடுகிறார்கள்.

அப்படி மூடிவிட்டவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. பொய்யான தைரியம் சொல்ல மாட்டேன். சில கதவுகள் இந்த எண்ணுக்குத் திறக்காது. ஆனால் எந்தக் கதவு எதைக் கேட்கிறது என்று தெரியாததாலேயே திரும்பிப் போகிறவர்கள்தான் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரே சராசரி, இரண்டு மாணவர்கள்

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எல்லா செமஸ்டருக்கும் கிரெடிட் சமம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவியின் எட்டு செமஸ்டர் புள்ளிகள் 5.2, 5.6, 5.9, 6.4, 6.8, 7.3, 7.9, 8.3. இன்னொரு மாணவனுக்கும் இதே எட்டு எண்கள்தான், தலைகீழாக: 8.3இல் தொடங்கி 5.2இல் முடிகிறது. இருவருக்கும் சராசரி 6.675; மூன்றாம் தசமத்தை விட்டுவிட்டால் சிஜிபிஏ 6.67தான்.

ஆனால் இருவரும் ஒரே மாணவரா? முதலாமவளின் கடைசி நான்கு செமஸ்டரை மட்டும் எடுத்தால் சராசரி 7.5ஐத் தாண்டுகிறது. துறையின் முக்கியப் பாடங்கள் பெரும்பாலும் அந்த நான்கு செமஸ்டரில்தான் வருகின்றன. இவள் ஏறிக்கொண்டிருப்பவள். இரண்டாமவன் எங்கோ வழுக்கிவிட்டான். அதற்கும் ஒரு காரணம் இருக்கும். சராசரிக்கு இது எதுவும் தெரியாது. ஏறியவரையும் இறங்கியவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதுதான் அதன் வேலை.

ஆகவே குறைந்த சிஜிபிஏ உள்ளவர் செய்ய வேண்டிய முதல் காரியம், அந்த ஒற்றை எண்ணைத் தானே பிரித்துப் பார்ப்பது. எந்த செமஸ்டரில் சரிந்தது? எந்தப் பாடங்கள் இழுத்தன? போக விரும்பும் துறைக்கான பாடங்களில் மட்டும் எடுத்தால் எவ்வளவு வருகிறது? மெஷின் லேர்னிங் படிக்கப் போகிறவருக்கு இன்ஜினியரிங் கிராஃபிக்ஸில் விழுந்த அரியர் பெரிய குற்றமில்லை. நிகழ்தகவிலும் லீனியர் அல்ஜீப்ராவிலும் விழுந்திருந்தால் அது பேச வேண்டிய விஷயம்.

முதல் வருடச் சுவர்

நம் ஊர் மதிப்பெண் பட்டியல்களில் சரிவு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், கல்லூரி ஆசிரியர்கள் யோசிக்காமல் சொல்வார்கள்: முதல் வருடம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளை, ஒரே கோடை விடுமுறை கழிந்து கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும் ஆங்கிலத்தில் கேட்கிறது. ‘தொகையீடு’ என்று கைவந்த கணக்கு ‘இன்டகிரேஷன்’ என்று வேறு உடை போட்டு வரும்போது அடையாளம் தெரிவதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010இல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்வழியில் தொடங்கப்பட்டன. ஆனாலும் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் படிப்பது ஆங்கிலவழியில்தான்.

குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கி 2021இல் சட்டம் வந்தது. இவை கதவைத் திறந்துவிட்டவை, நல்ல காரியங்கள். கதவுக்கு உள்ளே காலடி வைத்த பிள்ளைக்கு முதல் இரண்டு செமஸ்டர் பாடம் புரிய வைப்பது வேறு வேலை. அந்த வேலை எல்லாக் கல்லூரிகளிலும் நடப்பதில்லை. அதன் விலையைப் பிள்ளை தன் சிஜிபிஏவில் கட்டுகிறது. இரண்டாம் வருடம் மொழி பிடிபட்டு, மூன்றாம் வருடம் பாடம் பிடிபட்டு, நான்காம் வருடம் நல்ல ப்ராஜெக்ட் செய்யும்போது, முதல் வருடத்தின் ‘கப்பு’கள், அதாவது அரியர்கள், பின்னாலேயே நிற்கின்றன. ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்’ இருந்தால் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார விடாத நிறுவனங்களும் உண்டு.

மொழி மட்டுமே காரணமும் இல்லை. அப்பா படுத்த படுக்கையான ஆண்டு, இரவில் வேலைக்குப் போய்ப் பகலில் வகுப்பில் கண் அசந்த ஆண்டு, வீட்டார் பிடிவாதத்தால் சேர்ந்த பிடிக்காத பிரிவு, பெயர் வைக்கத் தெரியாத மனச்சோர்வு என்று எத்தனையோ உண்டு. வெறுமனே படிக்காமல் ஊர் சுற்றியதும் உண்டு. அதையும் ஒப்புக்கொள்ளலாம், பத்தொன்பது வயதில் செய்த தவறுக்கு இருபத்தைந்து வயதிலும் தண்டனை வேண்டியதில்லை. ஆனால் எது காரணம் என்பதில் தனக்குத் தானே நேர்மையாக இருக்க வேண்டும். விண்ணப்பத்தின் மற்ற எல்லாம் அந்த நேர்மையின் மீதுதான் நிற்கப் போகிறது.

எந்தக் கதவு எதைக் கேட்கிறது?

இந்தியாவிலிருந்தே தொடங்குவோம். பொறியியல் முதுநிலைக்கான தேசியத் தேர்வான கேட்டின் மதிப்பெண்ணை வைத்து என்ஐடிகளில் எம்.டெக். சேர்க்கும் பொதுக் கலந்தாய்வான சிசிஎம்டியில் ஒரு கோடு உண்டு. பொது, ஓபிசி, ஈடபிள்யூஎஸ் பிரிவினருக்கு 6.5 சிஜிபிஏ அல்லது 60 சதவீதம்; பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளிகளுக்கு 6.0 அல்லது 55 சதவீதம். நம் 6.67 இந்தக் கோட்டைத் தாண்டிவிடும். பொதுப் பிரிவில் 6.4 வைத்திருப்பவர் கேட் தேர்வில் எவ்வளவு மேலே வந்தாலும் தாண்ட முடியாது.

ஆனால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எம்.டெக். தகுதி விதியைப் படித்தால் பலர் வியப்பார்கள். அங்கே கேட்பது பொறியியல் பட்டத்தில் குறைந்தது இரண்டாம் வகுப்பு, கூடவே கேட் மதிப்பெண். நாட்டின் உச்சியில் இருப்பதாக நாம் நினைக்கும் நிறுவனம், நடுவில் இருப்பதாக நினைப்பவற்றைவிட இந்த ஒரு விஷயத்தில் இளக்கமாக இருக்கிறது. அங்கே நுழைவது எளிது என்று இதற்கு அர்த்தமில்லை; அது எடை போடுவது வேறொன்றை. ‘பெரிய இடம் என்றால் பெரிய சிஜிபிஏ’ என்று நாமே கற்பனை செய்துகொண்டு விதியைப் படிக்காமல் விடுவதுதான் பெரிய நஷ்டம். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா தேர்வு வழியாகத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.இ. சேர 50 சதவீதம் போதும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45.

அடுத்து ஜெர்மனி. அங்கே 1 என்பது சிறந்தது, 4 என்பது தேர்ச்சியின் விளிம்பு. வெளிநாட்டு மதிப்பெண்ணை மாற்ற ‘பவேரிய வாய்ப்பாடு’ என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதிகபட்சப் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிப் புள்ளிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1ஐக் கூட்ட வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: தேர்ச்சிக்கான குறைந்தபட்சப் புள்ளி எது என்பதைப் பொறுத்து விடையே மாறிவிடும். 6.67 எடுத்தவரின் விதிமுறையில் தேர்ச்சிப் புள்ளி 5 என்றால் விடை 3.0. அது 4 என்றால் 2.7. அதுவே 6 என்றால் 3.5. பல முதுநிலைப் படிப்புகள் 2.5க்குள் கேட்கும்; தேர்ச்சிப் புள்ளி 5 ஆக இருந்தால் அதற்கு 7.5 சிஜிபிஏ வேண்டும். ஆகவே உங்கள் ரெகுலேஷனில் தேர்ச்சிப் புள்ளி எது என்று மார்க் ஷீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எண் வரம்பு வைக்காத படிப்புகளும் அங்கே உண்டு. அவற்றில் முதல் சல்லடை, இளநிலையில் படித்த பாடங்கள் அவர்களுடைய படிப்போடு பொருந்துகின்றனவா என்பது. இந்திய மாணவர்கள் விசாவுக்கு முன் சான்றிதழ்களை ஏபிஎஸ் அமைப்பில் சரிபார்க்க வேண்டும் என்ற விதி 2022 நவம்பரிலிருந்து இருக்கிறது. எதையும் மறைத்துவிட்டுப் போக வழியில்லை. மறைக்கத் தேவையும் இல்லை.

அமெரிக்காவில் 4 புள்ளிக்கு 3.0 என்பதே பல பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் கோடு. இங்கே நம் பிள்ளைகள் செய்யும் தவறு, 10 புள்ளி எண்ணை 2.5ஆல் வகுத்து, ‘எனக்கு 2.67தான்’ என்று முடிவு கட்டிவிடுவது. அப்படி யாரும் கேட்கவில்லை. பல பல்கலைக்கழகங்கள் ‘மாற்றாதீர்கள், உங்கள் அளவுகோலிலேயே எழுதுங்கள்’ என்றே சொல்கின்றன. டபிள்யூஇஎஸ் போன்ற மதிப்பீட்டு அமைப்புகள் பாடம் பாடமாக எடுத்து மதிப்பிடுகின்றன. அதில் வரும் எண் வகுத்து வந்த எண்ணைவிடக் கூடுதலாக இருப்பதும் உண்டு. கோட்டுக்குக் கீழே இருந்தாலும், துறை விரும்பினால் பட்டமேற்படிப்புப் பள்ளியிடம் விதிவிலக்குக் கேட்டு எடுத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே பல இடங்களில் இருக்கிறது. துறை விரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

நம் ஏறுமுக மாணவிக்கு ஒரு நல்ல செய்தி. எல்லா இடமும் எட்டு செமஸ்டரையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் பட்டப்படிப்பின் பின்பாதியில் உள்ள மேல்நிலைப் பாடங்களின் சராசரியைத்தான் 3.0 கேட்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 3, 4ஆம் ஆண்டுப் பாடங்களைப் பார்க்கிறது. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் கண் இறுதி ஆண்டின் மீது இருக்கிறது. இந்தியப் பட்டங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று கனடாப் பல்கலைக்கழகங்கள் தனி அட்டவணை வைத்திருக்கும். முதல் வகுப்பு கேட்பதும் உண்டு. அதைப் பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும்.

பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்

முடிந்துபோன எட்டு செமஸ்டரை யாராலும் திருத்த முடியாது. ஆனால் தேர்வுக் குழுவின் மேசையில் இருப்பவர் கேட்பது ஒரே கேள்விதான்: ‘எங்கள் பாடத்தை இவரால் தாக்குப்பிடிக்க முடியுமா?’ அதற்குப் பழைய எண் ‘தெரியவில்லை’ என்கிறது. ‘முடியும்’ என்று சொல்ல இன்னொரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி புதியதாக, கடினமானதாக, வேறொருவர் மேற்பார்வையில் பெற்றதாக இருக்க வேண்டும்.

இந்தியாவில் அந்தச் சாட்சிகளில் வலிமையானது கேட். 65 கேள்விகள், 100 மதிப்பெண், 3 மணி நேரம். இதை எழுத இளநிலை மதிப்பெண் வரம்பு கிடையாது. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். நாடு முழுக்கப் பொதுவான தேர்வு என்பதால், ‘எந்தக் கல்லூரி, எந்த இன்டர்னல்’ என்ற பேச்சே இங்கே எழாது. கேட் வழியாக எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

இரண்டாவது, 2003இல் ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல். பாடம் கேட்கக் காசு இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் பணம் கட்டித் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். சான்றிதழ் மதிப்பெண்ணில் தேர்வுக்கு 75, வாராந்திரப் பயிற்சிக்கு 25. எம்-டூ கணிதத்தில் அரியர் வைத்தவர், என்பிடெல்லில் அதே கணிதத்தைப் பன்னிரண்டு வாரம் படித்து 90க்கு மேல் எடுத்துக் காட்டினால், அந்த அரியருக்கு அதைவிடத் தெளிவான பதில் கிடையாது. பத்து சான்றிதழ் சேர்ப்பதைவிட, விழுந்த இடத்திலேயே எழுந்து காட்டும் இரண்டு சான்றிதழ் மேல்.

மூன்றாவது, பழைய மார்க் ஷீட்டையே கேட்காத படிப்புகள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் போல்டர் வளாகம், டேட்டா சயின்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் உள்ளிட்ட சில இணையவழி முதுநிலைப் படிப்புகளில், குறிப்பிட்ட தொடக்கப் பாடங்களை பி கிரேடு சராசரியோடு முடித்தாலே சேர்த்துக்கொள்கிறது. ‘பழையதைக் காட்டாதே, இப்போது செய்து காட்டு’ என்ற இந்தக் கொள்கை உலகம் முழுக்கப் பரவ வேண்டும் என்பது என் ஆசை.

நான்காவது வழி, வேலை. ஐஐடி போன்ற நிறுவனங்களின் ஆய்வகங்களில் ப்ராஜெக்ட் அசோசியேட் பணிக்கு அவ்வப்போது ஆள் எடுக்கிறார்கள். அங்கே ஓராண்டு உழைத்தவரைப் பற்றி அந்தப் பேராசிரியருக்கு எந்த மார்க் ஷீட்டும் சொல்ல வேண்டியதில்லை. அவரே கண்ணால் பார்த்திருப்பார்.

ஐந்தாவது, பக்கத்திலேயே ஒரு முதுநிலைப் படிப்பில் சேர்ந்து நன்றாகப் படிப்பது. பிஎச்.டி. கனவு உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். யுஜிசியின் 2022ஆம் ஆண்டு பிஎச்.டி. விதிமுறைப்படி, நான்காண்டு இளநிலைப் பட்டத்தோடு நேராக வருகிறவருக்கு 75 சதவீதம் வேண்டும். முதுநிலை முடித்து வருகிறவருக்கோ அந்த முதுநிலையில் 55 சதவீதம் போதும். நேர்வழி மூடியிருந்தாலும் இரண்டு ஆண்டு சுற்றுவழி திறந்தே கிடக்கிறது.

துறைமுக எழுத்தர் அனுப்பிய விண்ணப்பம்

கணிதமேதை ராமானுஜனின் கதை நமக்கெல்லாம் தெரியும் என்று நினைக்கிறோம். அதை ஒரு மேற்படிப்பு விண்ணப்பமாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணிதம் தவிர மற்றதை விட்டதால் அந்த உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வு எழுதினார், 1906இலும் 1907இலும் தோற்றார். இன்றைய மொழியில் சொன்னால், கிளியர் ஆகாத அரியர்களோடு பட்டமில்லாமல் வெளியேறிய மாணவர். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தரானார்.

1913 ஜனவரி 16ஆம் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தின் தொடக்கத்தைக் கவனியுங்கள். தான் ஓர் எழுத்தர் என்பதையும், சம்பளம் குறைவு என்பதையும், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதையும் முதல் வரிகளிலேயே சொல்லிவிடுகிறார். யாரையும் குறை சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. சொல்லிவிட்டு உடனே தான் கண்டுபிடித்த கணிதத்துக்குப் போய்விடுகிறார்; பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். அதற்கு முன் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர்கள் சிலருக்கு எழுதிப் பலன் கிடைக்கவில்லை. ஆனாலும் எழுதினார்.

இன்னொரு பக்கம், அவருடைய வேலையை நேரில் அறிந்தவர்கள் பேசினார்கள். துறைமுகக் கழகத்தின் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங், நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் ஆகியோர் பக்கம் நின்றார்கள். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் நோட்டுப் புத்தகங்களைப் பார்த்துவிட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். பட்டமே இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகையா என்ற கேள்வி எழாமல் இல்லை. இருந்தும் பல்கலைக்கழகம் 1913இல் மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்குக் கொடுத்தது. காலாண்டுக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை, அவரும் கொடுத்தார். 1914இல் கப்பலேறினார். 1916இல் கேம்பிரிட்ஜ் அவருடைய ஆய்வுக்காகவே பி.ஏ. பட்டம் வழங்கியது.

நாம் ராமானுஜன் இல்லை. ஆனால் அவர் விண்ணப்பித்த முறை யாருக்கும் பொது: குறையை ஒளிக்காமல் ஒரே மூச்சில் சொல்வது, செய்த வேலையைக் கூடவே வைப்பது, அந்த வேலையை அறிந்தவர்களைப் பேச வைப்பது, பதில் வராவிட்டாலும் அடுத்தவருக்கு எழுதுவது. இன்னொன்று நம் கல்வி நிறுவனங்களுக்கானது. விதியைக் காட்டிக் கதவை மூடுவது அன்றைய பல்கலைக்கழகத்துக்கு எளிதாக இருந்திருக்கும். அது மூடவில்லை.

எஸ்ஓபியில் நான்கு வரி

குறைந்த சிஜிபிஏவைப் பற்றி எஸ்ஓபியில், அதாவது விண்ணப்பத்தோடு வைக்கும் நோக்க அறிக்கையில், எழுதலாமா, வேண்டாமா? எழுத வேண்டும் என்பதே என் பதில். நீங்கள் எழுதாவிட்டாலும் அவர்கள் பார்க்கத்தான் போகிறார்கள். காரணத்தை அவர்களே ஊகித்துக்கொள்ளும்படி விடுவதைவிட, நீங்களே சொல்வது நல்லது. ஆனால் நான்கு வரிக்குமேல் வேண்டாம். காரணம் ஒரு வரி, திருப்பம் ஒரு வரி, சான்று இரண்டு வரி.

இப்படி வைத்துக்கொள்ளலாம்: ‘பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழில் படித்த நான், முதல் ஆண்டில் ஆங்கிலவழிக்கு மாறியபோது இரண்டு கணிதப் பாடங்களில் தோற்றேன். மூன்றாம் செமஸ்டரிலிருந்து தினமும் பாடத்தை முன்கூட்டியே வாசிக்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். அதன்பின் ஒவ்வொரு செமஸ்டரிலும் என் புள்ளி உயர்ந்து, இறுதியில் 8.3 எடுத்தேன். கடந்த ஆண்டு அதே கணிதத்தை என்பிடெல் தேர்வில் எழுதி 91 பெற்றேன்.’ இவ்வளவுதான். இதில் அழுகை இல்லை, ஆசிரியர் மீது பழி இல்லை. அடுத்த பத்தியில் நேராக உங்கள் ப்ராஜெக்டுக்குப் போய்விடுங்கள். எட்டு பத்தி எஸ்ஓபியில் ஆறு பத்தி மார்க்கைப் பற்றியே இருந்தால், படிப்பவர் மனதிலும் அதுதான் நிற்கும்.

பரிந்துரைக் கடிதத்தில் நாம் செய்யும் தவறு வேறு வகை. ‘ஹெச்ஓடி கையெழுத்து இருந்தால் கனமாக இருக்கும்’ என்று நினைக்கிறோம். மாணவனே கடிதத்தை எழுதிக்கொண்டு போவதும், அவர் படிக்காமலே லெட்டர்ஹெட்டில் கையெழுத்திடுவதும் நம் கல்லூரிகளில் பழகிப்போன காட்சி. மூன்று பேராசிரியர்களின் கடிதங்கள் ஒரே நடையில் இருந்தால் அங்கே படிப்பவருக்குத் தெரியாமலா போகும்? ப்ராஜெக்டில் மூன்று மாதம் கூட இருந்த உதவிப் பேராசிரியரின் கடிதம், பதவியில் சிறியதாக இருந்தாலும் சொல்வதில் பெரியது. அவரிடம் போய், “சார், முதல் வருஷம் நான் எப்படி இருந்தேன், கடைசியில எப்படி இருந்தேன்னு ரெண்டையும் எழுதுங்க” என்று கேளுங்கள். மாணவர் மாறியதைக் கண்ணால் பார்த்தவர் சொல்வதற்கு நிகரான சான்று இல்லை.

வேலையில் இருப்பவர் மேலாளரிடமும் வாங்கலாம். ஆனால் ‘நல்ல பையன்’ என்ற கடிதம் பயனில்லை. என்ன சிக்கல் வந்தது, இவர் அதை எப்படித் தீர்த்தார் என்று எழுத வேண்டும்.

பயத்தை விற்பவர்கள்

இதைச் சொல்லாமல் கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை. குறைந்த சிஜிபிஏ உள்ள பிள்ளையின் பயம் ஒரு சந்தைப் பொருளாகிவிட்டது. “தம்பி, இந்த மார்க்குக்கு நல்ல யுனிவர்சிட்டி கிடைக்காது. ஆனா கவலைப்படாதீங்க, எஸ்ஓபி, எல்ஓஆர் எல்லாம் நாங்களே ரெடி பண்ணிடுறோம்” என்று கன்சல்டன்சிக்காரர்கள் தொடங்குவார்கள். நம்பிக்கை இழந்த பிள்ளை எங்கு கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடும்.

சில கன்சல்டன்சிகள் நேர்மையாக நடந்துகொள்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் மாணவர் சேர்ந்தால் கமிஷன் தரும் கல்லூரியை மட்டுமே காட்டுகிறவர்கள், செய்யாத ப்ராஜெக்டை எழுதிக் கொடுக்கிறவர்கள், காசுக்குக் கட்டுரை வெளியிடும் இதழில் உங்கள் பெயரைப் போட்டுத் தருகிறவர்கள் ஆகியோரிடமிருந்து ஒதுங்கி நில்லுங்கள். போலி ஆவணம் பிடிபட்டால் இடம் போகும், விசா போகும், அதற்குப் பிறகு எங்கே விண்ணப்பித்தாலும் அது நிழலாக வரும். 6.67 ஒரு குறை மட்டும்தான். பொய் வாழ்நாள் கறை.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். 7.5 லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்குப் பொதுத்துறை வங்கிகளில் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பதில்லை. அதைத் தாண்டினால் வீடோ நிலமோ அடகுக்குப் போகிறது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டுக்கு 11,904 யூரோ வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும் என்பதும் உண்மை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணமும் உண்டு. ‘எங்கேயாவது சேர்ந்தால் போதும்’ என்ற மனநிலையில் எடுக்கும் கடன்தான் ஆபத்தானது. ஓர் ஆண்டு காத்திருந்து, புதிய எண் ஒன்றைச் சம்பாதித்துக்கொண்டு, தகுந்த இடத்தில் சேர்வது அதைவிட மலிவு.

ஓர் ஆண்டுத் திட்டம்

ஜனவரி முதல் ஏப்ரல்: மதிப்பெண்ணைப் பிரித்துப் பார்க்கவும். சரிந்த பாடங்களில் ஒன்றிரண்டை என்பிடெல்லில் எடுக்கவும்.

மே முதல் ஜூலை: பத்துப் பன்னிரண்டு பல்கலைக்கழகங்களின் தகுதி விதியை அவர்கள் பக்கத்திலேயே முழுதாகப் படிக்கவும். எண் வரம்பில் தள்ளுபவற்றை நீக்கி ஏழெட்டாகச் சுருக்கவும். டிரான்ஸ்கிரிப்டுக்குத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் இப்போதே விண்ணப்பிக்கவும். கடைசி நேரத்தில் ஓடினால் கிடைக்காது.

ஆகஸ்ட் முதல் அக்டோபர்: கேட் பதிவு தொடங்கும், கடைசித் தேதியைத் தவறவிட வேண்டாம். அமெரிக்கா என்றால் ஜிஆர்இ கட்டாயமில்லாத இடத்திலும், நல்ல மதிப்பெண் இருந்தால் அனுப்பவும். 2023 செப்டம்பரிலிருந்து அந்தத் தேர்வு இரண்டு மணி நேரத்துக்குள் சுருங்கிவிட்டது. மதிப்பெண் 5 ஆண்டு செல்லும். பேராசிரியர்களிடம் பரிந்துரை கேட்க இதுவே நேரம்.

நவம்பர், டிசம்பர்: அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குக் கடைசித் தேதி டிசம்பரில் வரும். எஸ்ஓபியை உங்களைத் தெரிந்த ஒருவரும், தெரியாத ஒருவரும் படிக்கட்டும்.

அடுத்த பிப்ரவரி: கேட் தேர்வு.

வீட்டில் பேச வேண்டியது

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் 8.9ஐ உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொண்டு வராதீர்கள். உங்கள் பிள்ளை அந்த எண்ணை உங்களைவிட அதிகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. “மார்க் ஏன் குறைஞ்சது?” என்று கேட்பதற்குப் பதில், “இப்ப எதைப் படிக்கணும்னு தோணுதுப்பா?” என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் ஒரு துறையின் பெயரும், அதில் தீராத ஒரு கேள்வியும் வந்தால், அந்தப் பிள்ளை மேற்படிப்புக்குத் தயார். ‘எல்லாரும் போறாங்க’ என்று வந்தால், இன்னும் ஓராண்டு வேலை பார்க்கட்டும். அதில் தோல்வி ஒன்றுமில்லை.

பிள்ளைகளே, இன்று இரவு ஒரு காரியம் செய்யுங்கள். பீரோவில் இருக்கும் பிளாஸ்டிக் ஃபைலை எடுங்கள். மேலே இருக்கும் கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டை ஓரமாக வைத்துவிட்டு, எட்டு செமஸ்டர் தாள்களையும் தரையில் இடமிருந்து வலமாகப் பரப்புங்கள். எங்கே விழுந்தோம், எங்கே எழுந்தோம் என்று விரலால் தொட்டுப் பாருங்கள். எட்டாவது தாளுக்கு வலப்பக்கம் கொஞ்சம் வெறும் தரை இருக்கும். ஒன்பதாவதாக அங்கே வைக்கப்போகும் தாள் எது என்று எழுதிவிட்டுத் தூங்கப் போங்கள்.